நான்கு எண்களில் நாளைய புகை

ஒரு நாடு இன்னும் 30 ஆண்டுகளில் எரிசக்திக்காக எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை வெளியிடும் என்பதை நான்கு எண்களைப் பெருக்கிக் கணக்கிடலாம். மக்கள்தொகை, தலா வருமானம், ஒரு ரூபாய் வருமானம் ஈட்டச் செலவாகும் எரிசக்தி, அந்த எரிசக்தியின் ஒவ்வோர் அலகிலும் வெளியேறும் கார்பன் ஆகியவையே அந்த நான்கு. ஜப்பானிய எரிசக்தி அறிஞர் யோயிச்சி காயா வகுத்ததால் இது காயா சமன்பாடு எனப்படுகிறது.

இந்தியாவுக்கு முதல் இரண்டு எண்களும் ஏறுமுகம். 140 கோடியைத் தாண்டிவிட்ட மக்கள்தொகை, 2060-களில் 170 கோடியை எட்டிய பிறகே இறங்கும் என்கிறது ஐ.நா. மதிப்பீடு. ஓர் இந்தியரின் பங்காக ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறுகிறது. இது உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. இரண்டாவது எண்ணான வருமானம் கூடி வீட்டுக்கு வீடு ஏசி வரும்போது இந்த அளவும் ஏறும். எல்.இ.டி. விளக்கும் மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டாரும் மூன்றாவது எண்ணைக் குறைக்கின்றன. நான்காவது எண்தான் எளிதில் அசைவதில்லை. காரணம், நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்து வருகிறது.

ஓர் உதாரணக் கணக்கு: மக்கள்தொகை ஆண்டுக்கு 1 சதவீதமும் தலா வருமானம் 5 சதவீதமும் கூடுகின்றன, மூன்றாவது எண் 2.5 சதவீதமும் நான்காவது 1 சதவீதமும் குறைகின்றன என்று கொள்வோம். கூட்டிக் கழித்தால் உமிழ்வு ஆண்டுக்கு 2.5 சதவீதம் வளரும். 28 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். மூன்றாவது எண் 3.5 சதவீதம் குறைந்தால், அதே 28 ஆண்டுகளில் உமிழ்வு ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். ஒரே ஒரு சதவீதம் இவ்வளவு மாற்றுவதால்தான், வல்லுநர்கள் ஒற்றை விடை சொல்வதில்லை. இன்றைய கொள்கை நீடித்தால் இவ்வளவு, அறிவித்த வாக்குறுதிகள் நிறைவேறினால் இவ்வளவு என்று தனித்தனியே கணக்கிடுகிறார்கள்.

வாக்குறுதிகளையும் கவனித்துப் படிக்க வேண்டும். பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்குமான உமிழ்வை 2005-ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா அறிவித்தது. குறைவது ரூபாய்க்கான உமிழ்வுதான். பொருளாதாரம் நான்கு மடங்கானால், இலக்கை எட்டிய பிறகும் மொத்த உமிழ்வு 2.2 மடங்காகியிருக்கும். அதேபோல, 2025-ல் நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராததாயிற்று. அதனால் உற்பத்தியாகும் மின்சாரத்திலும் பாதி அப்படியே வருகிறது என்று பொருளில்லை. சூரியத் தகடு பகலில் மட்டுமே வேலை செய்யும். அனல் மின் நிலையம் இரவிலும் ஓடும்.

இந்தக் கணக்கில் நெடுங்காலம் மாறாமல் நிற்பவை, கட்டி முடித்த ஆலைகள். 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், நிகர உமிழ்வை, அதாவது வெளியேறுவதில் உறிஞ்சப்படுவது போக மிஞ்சுவதை, 2070-க்குள் பூஜ்யமாக்குவதாக இந்தியா அறிவித்தது. 2030-ல் கொதிகலன் மூட்டப்படும் ஓர் அனல் மின் நிலையம் 40 ஆண்டுகள் ஓடினால், அது அணையும் ஆண்டும் 2070-தான்.