செல்லுக்குள் உறங்கும் காயம்: 20 ஆண்டு கெடு போதுமா?

புது தில்லி: தில்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படுத்தப்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி, 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விடப்பட்டு மாயாபுரி பழைய இரும்புச் சந்தையைச் சென்றடைந்தது. அங்கு அதை உடைத்தபோது கோபால்ட்-60 வெளிப்பட்டது. தோல் கருகியும் முடி உதிர்ந்தும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளி ஒருவர் ஏப்ரல் 26-ல் உயிரிழந்தார்.

அது பெருமளவு கதிர்வீச்சின் உடனடி விளைவு. கண்ணுக்குத் தெரிந்தது, கணக்கிலும் சேர்ந்தது. கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் அப்படிப்பட்டதன்று.

அயனியாக்கும் கதிர்கள் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பெயர்த்தெடுக்கும் ஆற்றல் கொண்டவை. அவை செல்லின் டி.என்.ஏ. இழைகளை நேரடியாகத் துண்டிக்கின்றன. செல்லிலுள்ள நீர் மூலக்கூறுகளைச் சிதைத்து, அதனால் உருவாகும் வேதித் துணுக்குகள் மூலமாகவும் தாக்குகின்றன. ஓர் இழை அறுந்தால், மற்றோர் இழையை அச்சாகக் கொண்டு செல் தன்னைச் சீர்செய்துகொள்ளும். இரண்டும் ஒருசேர அறுந்தால் முனைகள் தவறாக இணையக்கூடும். அதிகம் சேதமடைந்த செல்கள் பெரும்பாலும் மடிந்துவிடும். ஆனால், பிழையோடு தப்பிய செல்லில் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு செயலிழந்திருந்தால், அதன் சந்ததிச் செல்களில் மேலும் பிழைகள் சேர்ந்து, என்றோ ஒருநாள் புற்றுநோயாகத் தலைதூக்கும்.

ஹிரோஷிமா, நாகசாகியில் 1945-ல் உயிர் தப்பியவர்கள் 1950 முதல் ஆராயப்பட்டு வருகின்றனர். அவர்களிடையே ரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலேயே அதிகரித்தது. மற்ற உறுப்புகளின் புற்றுநோயோ சுமார் பத்தாண்டுகளுக்குப் பிறகே கூடத் தொடங்கி, அரை நூற்றாண்டு கடந்தும் நீடித்தது.

இந்தக் கால இடைவெளியை நமது சட்டம் எவ்வாறு அணுகியது? மாயாபுரி தொழிலாளி இறந்த 11-வது நாளில், 2010 மே 7-ல், அணு விபத்து இழப்பீட்டு மசோதா மக்களவையில் அறிமுகமானது. அது அணு உலை போன்ற நிலையங்களில் நேரும் விபத்துகளுக்கானது. மாயாபுரி போன்ற சம்பவங்கள் அதன் வரம்பில் வரவில்லை. உடல் பாதிப்புக்கு இழப்பீடு கோர முதலில் 10 ஆண்டுக் கெடுவே இருந்தது; நிலைக்குழுவின் பரிந்துரையால் அது 20 ஆண்டாக உயர்ந்தது. எனினும், கெடு விபத்து நிகழ்ந்த நாளிலிருந்தே தொடங்கியது. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து அல்ல. அக்கணக்குப்படி, 5 வயதில் கதிர்வீச்சுக்கு ஆளான குழந்தை 26 வயதில் நோயுற்றால் இழப்பீடு கோரும் உரிமை இருக்காது.

அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. சட்டங்கள் மாறலாம், செல்லின் இயல்பு மாறுவதில்லை. விபத்துப் பகுதியில் ஒவ்வொருவரும் பெற்ற கதிர்வீச்சு அளவைப் பதிவு செய்து, அவர்களை வாழ்நாள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பில் வைத்து, நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து கெடுவைக் கணக்கிடுவதே முறையாகும். இல்லையெனில், தாமதமாக வரும் நோய்க்கு இழப்பீடு என்பது ஏட்டளவிலேயே நின்றுவிடும்.