சேலம் சீமைச் சபைகள் – 17: ஆயிரம் வருஷத்தில் தொடங்கிய வழக்கு

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் பாறை, பாலத்தின் கைப்பிடிச் சுவர், லாரியின் பின்கதவு என்று சுண்ணாம்பு மட்டை எட்டிய இடங்களில் ‘இயேசு சீக்கிரம் வருகிறார்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அந்தச் சிறு கூட்டத்துக்குள் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே என்று எத்தனையோ பிரிவுகள். சுவரில் உள்ள வாசகத்தை இவர்களில் எவரும் அழிக்கச் சொல்லமாட்டார்கள். வருகிறார் என்பதுவரை ஒருமனம்தான். எப்போது, எப்படி, வந்து என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கணக்கு எடுத்து வைப்பார்கள்.

வழக்கின் மூலப்பத்திரம் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம். அதிலும் இருபதாம் அதிகாரம். சாத்தான் கட்டிப்போடப்படுவான், கிறிஸ்துவோடு அவருடைய சாட்சிகள் ஆயிரம் வருஷம் அரசாளுவார்கள் என்று வருகிறது. அடுத்தடுத்து ஆறு வசனங்களில் ஆறு முறை ‘ஆயிரம் வருஷம்’. பைபிளில் வேறெந்த இடத்திலும் இந்த ஆயிரத்தைப் பற்றிப் பேச்சில்லை. கிறிஸ்து வந்த பிறகு அந்த அரசாட்சி தொடங்குமா? உலகம் மெல்ல மெல்லத் திருந்தி அந்த ஆயிரத்தை வாழ்ந்து முடித்த பிறகு அவர் வருவாரா? அல்லது ஆயிரம் என்பது நிறைவைக் குறிக்கும் அடையாளம்தானா, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறதா? கட்சிகள் எல்லாம் இந்த மூன்று கேள்விகளிலிருந்து கிளைத்தவை.

சேலம் சீமைக்கு முதலில் வந்தது மூன்றாவது கட்சி. 1623இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் நடந்துவந்த கத்தோலிக்க மிஷனரி ராபர்ட் டி நொபிலியை இரண்டு வாரங்களுக்கு முன் பார்த்தோம். கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டு, அது முடிந்தால் கல்கி, பிறகு மறுபடி கிருதயுகம் என்று எண்ணிப் பழகிய ஊரில், ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று தனி நூலே எழுதினார். ஆனால் முடிவு எந்த ஆண்டில் என்ற கணக்கு அவர் மடியில் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தினார் அந்த ஆயிரத்தைத் திருச்சபையின் காலம் என்று விளக்கிவிட்டுப் போனார். கத்தோலிக்கர்களுக்கு இன்றும் பெரும்பாலும் அதுதான்.

இரண்டாவது கட்சி 1827இல் வந்தது. அந்த ஆண்டு லண்டன் மிஷன் சேலத்தில் ஹென்றி கிறிஸ்ப் என்பவரை அமர்த்தியது. நான்கே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். 1795இல் லண்டனில் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் பலர், சுவிசேஷம் உலகெங்கும் பரவி மனிதகுலம் சீர்ப்பட்ட பிறகே கிறிஸ்து வருவார் என்று நம்பியவர்கள். அவசரம் இல்லாத நம்பிக்கை அது. பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ‘கட்டி முடிவதற்குள் உலகம் முடிந்துவிட்டால்?’ என்ற கவலை அவர்களுக்கு இல்லை. 1914இல் தொடங்கிய யுத்தத்தின் பதுங்குகுழிகளில் இந்தக் கட்சி ஏறக்குறைய செத்துவிட்டது. அதன் கட்டடங்களில் நாம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது கட்சியின் கறாரான கிளை ஒன்று 1895இல் கிருஷ்ணகிரியில் இறங்கியது. அப்போது கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாதான். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபைக்காக நேத்தர், மோன் என்ற இருவர் அங்கே வேலை தொடங்கினார்கள். பூமியில் ஆயிரம் வருஷ ராஜ்யம் என்ற நினைப்பையே லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்புர்க் அறிக்கையின் 17ஆம் பகுதி தள்ளிவிட்டது. மிசூரி சபை 1932இல் அதை இன்னும் அழுத்தி உறுதிசெய்தது.

ஆக, சுவரில் எழுதும் முதலாவது கட்சி இவர்களில் எவரும் இல்லை. அது வந்த வழியைப் பார்க்கப் பாளையங்கோட்டைவரை ஒருமுறை போய்வர வேண்டும்.

அங்கே இருந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸைத் தேடி, 1833இல் இந்தியா வந்த அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் போனார். இங்கிலாந்தில் பல் மருத்துவராக இருந்து, சொத்தை விட்டு, பாக்தாதில் கொள்ளைநோய்க்கு மனைவியைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். பிரதரன் இயக்கத்தின் முதல் தலைமுறை. கிறிஸ்து எந்த நாளும் வரலாம், உலகம் திருந்தப்போவதில்லை என்பது அந்த இயக்கத்தின் மூச்சு. 1835இல் சர்ச் மிஷன் சங்கம் ரேனியஸை நீக்கியபோது குரோவ்ஸ் அவர் பக்கம் நின்றார். ரேனியஸைச் சுற்றி அப்போது இருந்தவர்களில் இருவர் நமக்கு முக்கியம். ஒருவர் லெக்லர். 1838இல் ரேனியஸ் இறந்த பின் லண்டன் மிஷனில் சேர்ந்து, பிறகு சேலத்துக்கு வந்து, 1861இல் இறக்கும்வரை இங்கேயே உழைத்தார். சேலம் சபைகளில் இன்றும் புழங்குகிற பெயர். இன்னொருவர் ரேனியஸின் மாணவர் அருளப்பன். குரோவ்ஸின் வழியைப் பிடித்துக்கொண்டு, சம்பளமில்லாத ஊழியம் என்று 1840இல் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினார். 1860இல் அவர் சபைகளில் எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்தன. அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே இயக்கம் பிறக்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

எழுப்புதல் மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே 1873இல் அதற்குத் தலைமை ஏற்றவர் ஜஸ்டஸ் ஜோசப். பிறப்பால் தமிழ்ப் பிராமணர், பழைய பெயர் ராமய்யன். 1875இல் அவருடைய கூட்டம், இன்னும் ஆறு ஆண்டில், அதாவது 1881இல், கிறிஸ்து வருவார் என்று அறிவித்தது. மிஷனரிகள் அவர்களை ஆறு வருஷக் கட்சி என்று அழைத்தார்கள். 1881 வந்தது, போனது. கிறிஸ்து ஆவியில் வந்துவிட்டார், புது யுகம் பிறந்துவிட்டது என்றார்கள்.

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் மற்ற நாட்டுக் கணக்குகளையும் பார்த்துவிடட்டும். ஜெர்மன் பக்தி இயக்கத்தின் பெரிய வேதபண்டிதர் பெங்கல் 1836 என்று கணித்து வைத்திருந்தார். அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லர், தானியேல் புத்தகத்தின் 2,300 நாட்களை 2,300 ஆண்டுகளாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணினார். அவர் வழி வந்தவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளையும் குறித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மில்லர் கணக்கு தவறியதை ஒப்புக்கொண்டார். அவரைப் பின்பற்றியவர்களில் ஒரு சாரார், நாள் சரிதான், கிறிஸ்து அன்று பரலோக ஆசரிப்புக் கூடாரத்தில் தீர்ப்பு விசாரணையைத் தொடங்கினார் என்றார்கள். ஏழாம் நாள் அட்வெந்து சபை அதிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டுக்கு அவர்கள் வந்த கதை தனி. நாசரேத் பக்கம் மூக்குப்பீறியில் சட்டாம்பிள்ளை 1857இல் தொடங்கிய சபையார் ஏற்கெனவே சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்துவந்தார்கள். அந்தத் தொடர்பால் 1908இல் அட்வெந்து மிஷனரி ஜேம்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். சனிக்கிழமைக்காகக் கதவைத் திறந்தவர்கள் வீட்டுக்குள் 1844உம் கூடவே நுழைந்தது.

யெகோவாவின் சாட்சிகள் 1914ஐ அப்படித்தான் காப்பாற்றினார்கள். எதிர்பார்த்த முடிவு வரவில்லை; ஆகவே அந்த ஆண்டு கிறிஸ்து கண்ணுக்குத் தெரியாமல் அரியணை ஏறினார் என்பது விளக்கம். மூன்று கூட்டங்களுக்கும் பதில் ஒன்றுதான்: தேதி பிழைக்கும், நிகழ்ச்சி மட்டும் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் குடிபெயரும்.

பிரதரன்களில் ஜான் நெல்சன் டார்பி இந்த வம்பில் மாட்டிக்கொள்ளாத வழி ஒன்றைக் கண்டார். தேதியே வேண்டாம், வரிசை போதும். முதலில் இரகசிய வருகை. சபை மேகத்தில் எடுத்துக்கொள்ளப்படும். பிறகு ஏழு வருஷ உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, 666. பிறகு பகிரங்க வருகை, அர்மகெதோன், அதன்பின் ஆயிரவருட அரசாட்சி. 1909இல் ஸ்கோபீல்டின் குறிப்புரை பைபிளும் 1918இல் கிளாரன்ஸ் லார்கினின் வரைபடங்களும் இந்த வரிசையை உலகெங்கும் கொண்டுபோயின. கன்வென்ஷன் பந்தலில் மேடைக்குப் பின்னால் நீளமான துணியில் வட்டங்களும் அம்புகளுமாகத் தொங்குமே, அது இந்த வம்சம். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். மழைக்காக வானத்தைப் பார்த்தே பழகிய புன்செய்க்காரருக்கு மேகத்தைக் காட்டிச் சொன்னால் ஏன் புரியாது?

1924இல் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் இந்த எதிர்பார்ப்பை உடுப்பாகவே மாற்றியது. வெள்ளை உடை, நகையின்மை, மணம் துறந்த ஊழியர்கள், விசுவாச வீடு. மணவாளன் எந்த நேரமும் வரலாம் என்றால் மணவாட்டி ஆயத்தமாக இருக்க வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. அதன் தலைமையிடம் இன்று தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில்.

கட்சிகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்க 1,44,000 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். வெளிப்படுத்தின விசேஷம் முத்திரை போடப்பட்டவர்களுக்குச் சொல்லும் தொகை. லுத்தரன் போதகரைக் கேட்டால் பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கியது, முழுச் சபையின் அடையாளம் என்பார். டார்பி வழியினர் உபத்திரவ காலத்தில் மனந்திரும்பும் யூதர்கள், கோத்திரத்துக்குப் பன்னிரண்டாயிரம், ஒருவர் கூடாது குறையாது என்பார்கள். யெகோவாவின் சாட்சிகளுக்கு, பரலோகம் போகிறவர்களின் மொத்தத் தொகையே அதுதான். மற்ற நல்லவர்களுக்கு இந்தப் பூமியே பரதீசாகும். மூவர் கையிலும் ஒரே புத்தகம்.

இவர்களில் நம்பிக்கை இழந்து கைகட்டி உட்காரும் கட்சி எது என்று தேடினால் கொல்லிமலை குழப்பிவிடுகிறது. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் மலையேறினார்கள். அந்தச் சபையார் கால்வின் வழியினர். ஆயிரம் வருஷத்தைப் பற்றி அவர்களுக்குள் ஒரே கருத்து இருந்ததில்லை. பாப்டிஸ்டுகளின் 1689ஆம் ஆண்டு விசுவாச அறிக்கை, தீர்ப்பு நாள் மனிதருக்கு மறைக்கப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது, ஆயிரத்தைத் தொடுவதேயில்லை. முதல் யுத்தம் முடியும் வேளை இன்புளுயன்சா மலைக்கு வந்தது. பார்க்கிறவருக்கு அது வெளிப்படுத்தின விசேஷத்தில் சாவை ஏற்றிவரும் குதிரைதான். அவர்களை எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் நோயில் சாக, பிள்ளையை பிராண்ட் தம்பதியிடம் ஒப்படைத்தார்கள். மலையில் அவர்களை ஜனங்கள் நம்பத் தொடங்கியது அதன் பிறகு. 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் ஓய்வு வயதுக்குப் பிறகும் மட்டக்குதிரையில் மலை மலையாகப் போய் 1974இல், 95 வயதில் இறந்தார். இருவர் கல்லறைகளும் வாழவந்தி நாட்டில் இருக்கின்றன. எந்தக் கட்சி என்று கல்லறையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

என் குறை வேறிடத்தில். பழைய சபைகள் வெளிப்படுத்தின விசேஷத்தை அதிகம் வாசிப்பதில்லை. இது இன்று நேற்று வந்த கூச்சமும் இல்லை. லூத்தர் 1522இல் இதில் பரிசுத்த ஆவியின் சாயல் தெரியவில்லை என்று முன்னுரை எழுதினார். புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் உரை எழுதிய கால்வின் இதற்கு எழுதவில்லை. கீழை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் வழிபாட்டு வாசக வரிசையில் இது இல்லை. நம் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முன் வரும் அட்வெந்து ஞாயிறுகள் வருகையைப் பிரசங்கிக்க என்றே வைத்த நாட்கள். நடப்பதோ கேரல் ரவுண்டுக்கு வேன் பிடிக்கிற பேச்சு. பீடம் மௌனமாக இருக்கும் இடத்தில் செல்போன் பேசுகிறது. ஆதார் எண்தான் 666 என்று மிசோரமில் சிலர் பதிவுசெய்ய மறுத்தார்கள். கொரோனாக் காலத்தில் தடுப்பூசிக்கும் அதே முத்திரையைக் குத்தினார்கள். அந்த வீடியோக்கள் இங்கேயும் கைக்குக் கை போயின. 666 என்பது எபிரேய எழுத்துக்களில் நீரோ மன்னன் பெயரின் கூட்டுத்தொகை என்று பல அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். சில பழைய பிரதிகளில் அந்த எண் 616 என்றே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டு இரனேயுவுக்கே அது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் இருபது நிமிடம் இதைச் சொல்லியிருந்தால் ஊசிக்குப் பயந்தவர்களில் சிலராவது போட்டுக்கொண்டிருப்பார்கள். டார்பி வரிசையை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்களாவது புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

இந்தச் சமவெளியில் யார் எந்த ஆண்டில் எதைப் பிரசங்கித்தார்கள் என்பதற்கு மிஷன் அறிக்கைகளைத் தாண்டி எழுத்து மிகக் குறைவு. கன்வென்ஷன் நோட்டீசு, துணி வரைபடம், கைப்பிரதி, பழைய பிரசங்கக் குறிப்பு நோட்டு எதுவானாலும் சேலம், ராசிபுரம், நாமக்கல், சேந்தமங்கலம் பக்கத்து வீடுகளின் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நகலோ புகைப்படமோ எடுத்து, ஊரும் ஆண்டும் தெரிந்தால் பின்பக்கம் குறித்து, இந்தத் தொடரின் பெயரிட்டு இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். வருகிறவற்றை இதே பக்கத்தில் ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம்.