அடுத்த ஆண்டுக் காலுக்கு வாங்காதீர்கள்!

முக்குளிக்கப் பழகும் பிள்ளைக்கு ஃபின்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

பள்ளி திறக்கும் முன் கமுந்திங், தைப்பிங் காலணிக் கடைகளில் ஒரே காட்சிதான். பிள்ளை காலணியை மாட்டிக்கொண்டு நடந்து காட்டும். அம்மா குனிந்து, பெருவிரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அழுத்திப் பார்ப்பார். “ஒரு நம்பர் பெரிசாவே கொடுங்க, வளர்ற புள்ள” என்பார். நானும் அப்படித்தான். தோட்டத்தில் வளர்ந்த நம் அம்மாக்களிடமிருந்து வந்த சிக்கனம் அது. அதில் தவறில்லை.

ஆனால், அதே கணக்கைக் கடலுக்குப் போட்டபோது மாட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதான என் மகளுக்கு ஸ்கூபா முக்குளிப்புக் கற்றுக்கொள்ள ஆசை. பினாங்கில் வேலை செய்யும் என் தம்பி சில ஆண்டுகளாகவே முக்குளிப்பவன். மாமா எடுத்து வந்த ஆமைப் படங்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் பெர்ஹெந்தியான் போகலாம் என்று முடிவானது. போவதற்கு முன் குளத்தில் பழகட்டுமே என்று, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸை இணையத்தில் வாங்கினேன். அவள் காலுக்கு இரண்டு அளவு பெரியது. அடுத்த ஆண்டும் ஆகும் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு!

பொட்டலத்தைப் பிரித்ததும் என் அம்மா அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். “இது நம்ம பால்ல செஞ்சதா?” என்று கேட்டார். இருபது ஆண்டுக்கு மேல் பால்வெட்டியவர் அவர். 1877-இல் ரப்பர் கன்றுகளை நட்ட கோலகங்சார் நமக்கு அடுத்த ஊர்தானே. ஃபின்ஸில் இயற்கை ரப்பரில் செய்தவையும் உண்டு, பிளாஸ்டிக் வகைகளில் வார்த்தவையும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்தவையும் உண்டு.

குளத்தில் நடந்தது

நீச்சல் குளத்தில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மகளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சுவர் பக்கத்தில் இருந்ததால் பற்றிக்கொண்டாள். பயிற்றுநர் அவள் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அக்கா, இவங்க நீந்தல. ஃபின்ஸ் கழண்டு போகாம இருக்க, விரலை மடக்கிப் பிடிச்சிக்கிட்டே இருந்திருக்காங்க” என்றார்.

ஃபின் தளர்வாக இருந்தால் கால் அதைத் தானாகவே பிடித்துக்கொள்ளப் பார்க்கும். விரல்கள் மடங்கும், பாதம் இறுகும், சற்று நேரத்தில் தசை பிடித்துக்கொள்ளும். ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் ஆபத்துதான். பாதம் மரத்துப்போகும், குதிகால் கொப்பளிக்கும். குளத்தில் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது. கடலில் அது கிடையாது.

இன்னொன்றும் உண்டு. கால் சிரமப்பட்டால் மூச்சு வேகமாகும். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பில் ஆவதைப்போல் இரண்டு மடங்கு காற்று செலவாகும். 18 மீட்டரில் ஏறக்குறைய மூன்று மடங்கு. பொருந்தாத ஃபின்ஸ் காலை மட்டும் வருத்துவதில்லை, முதுகில் இருக்கும் சிலிண்டரையும் சீக்கிரம் காலியாக்கிவிடும்.

எந்த வகை?

ஃபின்ஸ் இரண்டு வகை. ஒன்று, செருப்பில்லாமல் வெறுங்காலில் ஷூ போல மாட்டுவது. பாதம் முழுவதையும் மூடும். எடை குறைவு. நம் கடல் வெதுவெதுப்பானது என்பதால் வெறுங்காலோடு போனாலும் குளிராது. ஆனால் கால் வளர்ந்தால் அத்தோடு சரி. அளவை மாற்ற வழியில்லை.

மற்றொன்று, குதிகால் திறந்திருக்க, பின்னால் வார் போட்டு இறுக்குவது. உள்ளே நியோப்ரீன் பூட்ஸ் அணிய வேண்டும். வாரைத் தளர்த்தலாம், இறுக்கலாம் என்பதால் வளரும் பிள்ளைக்குக் கொஞ்ச காலம் கூடுதலாக உழைக்கும். சுடுமணலிலும் பவளத் துண்டுகள் கிடக்கும் கரையிலும் நடக்க பூட்ஸ் பாதுகாப்பு. ஆனால் இதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. வார் நீளத்தை மட்டும்தான் சரிசெய்யும். பாதம் நுழையும் பை அகலமாக இருந்தால் வாரை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே கால் ஆடும்.

இதைப் போட்டுப் பாருங்கள்

ஃபின்ஸை இணையத்தில் அளவு பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் அளவு இன்னொன்றோடு ஒத்துப்போகாது. பிள்ளையையும், அவர் போடப்போகும் பூட்ஸையும் கையோடு கடைக்கு அழைத்துப் போங்கள்.

* உட்கார வைத்து மாட்டுங்கள். காலைத் தூக்கி நன்றாக ஆட்டச் சொல்லுங்கள். பாதம் உள்ளே அசையக் கூடாது, ஃபின் நழுவக் கூடாது.
* விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். அசைய வேண்டும். மடங்கியபடியே இருந்தால் வேண்டாம்.
* சில நிமிடம் அப்படியே இருக்கட்டும். பாதத்தின் மேல்பகுதியோ உள்வளைவோ வலித்தால் தண்ணீரில் இன்னும் வலிக்கும்.
* வாரின் கொக்கியைப் பிள்ளையே போடவும் கழற்றவும் முடிகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் வார் எளிது, ஆனால் அதை இழுக்கச் சின்னக் கைகளுக்குப் போதிய பலம் இருக்க வேண்டும்.

நீளமும் கடினமும்

பெரிய ஃபின் வேகமாகக் கொண்டுபோகும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மூச்சை அடக்கி மூழ்குபவர்களின் நீண்ட ஃபின்ஸைக் காணொளியில் பார்த்திருப்பார்கள். அது வேறு விளையாட்டு. கனமான, விறைப்பான பட்டையை அசைக்க இடுப்பிலும் தொடையிலும் பலம் வேண்டும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு மிதமான நீளமும், கையால் வளைத்தால் ஓரளவு வளைந்து கொடுக்கும் பட்டையும் போதும்.

அதற்காகக் கரையோரம் மிதந்து மீன் பார்க்கும் குட்டி ஃபின்ஸையும் எடுத்துவிடாதீர்கள். முதுகில் சிலிண்டரோடு நீரோட்டத்தில் போக அதில் தள்ளுவிசை போதாது. பட்டை நடுவில் பிளந்த வகையும் உண்டு. உதைக்க எளிது. ஆனால் தவளைபோல் உதைப்பதையும், நின்ற இடத்தில் திரும்புவதையும் பழக, பிளவில்லாத சாதாரணப் பட்டையே நல்லது.

நிறம் பெரிய விஷயமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். “பளிச்னு மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்க. கும்பல்ல உங்க பொண்ணை நான் காலை வச்சுதான் கண்டுபிடிப்பேன்” என்றார் பயிற்றுநர்.

வாங்குவதற்கு முன்

பேடி என்னும் அனைத்துலக முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் விதிப்படி 10 வயதிலிருந்து அடிப்படைச் சான்றிதழ் பெறலாம். 10, 11 வயதுப் பிள்ளைகள் பெற்றோருடனோ பயிற்றுநருடனோ 12 மீட்டர் வரைதான் போகலாம். 12 முதல் 14 வயது வரை, சான்றிதழ் பெற்ற பெரியவருடன் 18 மீட்டர் வரை. ஆஸ்துமா, காதுப் பிரச்சினை இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் பயிற்சிக் கட்டணத்திலேயே ஃபின்ஸும் அடக்கம். எனவே முதலில் அங்கே இருப்பதைப் போட்டுப் பழகட்டும். பிள்ளைக்கு எது பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள். சொந்தமாக ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க் முதலில். ஃபின்ஸ் பிறகு. முகம் காலைப்போல் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை.

கடலில் சில பழக்கங்கள்

நாங்கள் கிரிக், ஜெலி வழியாகக் கோல பெசுட் போய்ப் படகு ஏறினோம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக்கரையில் அடைமழைக் காலம் என்பதால் அதைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

படகில் ஃபின்ஸைக் கடைசியாக மாட்ட வேண்டும். மாட்டியபின் முன்னோக்கி நடந்தால் தடுக்கி விழுவது நிச்சயம். நடந்தே ஆக வேண்டுமென்றால் எதையாவது பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். தசை பிடித்துக்கொண்டால் உதைப்பதை நிறுத்தி, ஃபின்னின் நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக் காலை நீட்டினால் விடும். பவளத்தின் அருகில் நிற்கவோ உதைக்கவோ கூடாது. வளரப் பல ஆண்டு பிடித்த பவளம் ஓர் உதையில் உடைந்துபோகும்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். நுனியில் நிற்கவைத்துச் சுவரில் சாய்த்தால் பட்டை வளைந்துவிடும். படுக்கவைத்து விடுங்கள்.

பெர்ஹெந்தியானில் என் மகள் வாடகை ஃபின்ஸோடுதான் இறங்கினாள். வார் போட்ட ஆரஞ்சு நிற ஜோடி. காலுக்கு அளவாக இருந்தது. மாமாவும் பயிற்றுநரும் இரண்டு பக்கமும். நான் படகில் உட்கார்ந்து குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “கால் வலிக்குதா?” அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஆமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வாங்கிய பெரிய ஜோடி வீட்டில் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பள்ளிக் காலணியை இப்போதும் ஒரு நம்பர் பெரிதாகத்தான் வாங்குகிறேன். ஃபின்ஸ் மட்டும் இன்றைய காலுக்குத்தான்.