தட்டில் நாம் எங்கே?

நீர்க்கடுப்புக்கு டாக்டரிடம் போன மளிகைக்கடை அண்ணாச்சி, லேப் ரிப்போர்ட்டோடு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். யூரின் கல்ச்சர். வரிசையாக ஆன்டிபயாட்டிக் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். ‘ஆர்’ என்றால் அடங்காது. “பாருங்க தம்பி, ஆறு மருந்து என் உடம்புக்குப் பழகிப்போச்சாம்” என்கிறார்.

இந்தப் ‘பழகிப்போச்சு’ நம் எல்லார் வாயிலும் வருவதுதான். அது சரியா என்று பார்க்க, அந்த ரிப்போர்ட் எப்படித் தயாரானது என்று லேப் வரை ஒரு நடை போய்வருவோம்.

சிறுநீரில் ஒரு துளியைத் தட்டில் இழுத்து, இரவு முழுக்க உடல்சூட்டில் வைக்கிறார்கள். காலையில் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அதில் கொஞ்சம் எடுத்து உப்புநீரில் கலக்கி, இன்னொரு தட்டு முழுக்கப் பூசுகிறார்கள். தட்டில் இருப்பது அகர். வீட்டில் இனிப்பு செய்கிற கடல்பாசிதான். கிருமிக்குச் சாப்பாடாக மாட்டிறைச்சிச் சாறும் கொஞ்சம் மாவுச்சத்தும் சேர்ந்திருக்கும். அதன்மேல் மருந்தில் ஊறிய காகிதப் பொட்டுகளை வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர், பஞ்சிங் மெஷினிலிருந்து உதிரும் துண்டு அளவு. மறுநாள் தட்டு முழுக்க ஆடை படர்ந்ததுபோல் கிருமி வளர்ந்திருக்க, சில பொட்டுகளைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். அந்த வட்டத்தை அளந்துதான் எஸ், ஆர். (பெரிய வட்டம் போட்ட மருந்துதான் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு மருந்துக்கும் பாஸ் மார்க் வேறு.) கெர்பியும் பாவரும் கூட்டாளிகளும் 1966-ல் ஒழுங்குபடுத்திய முறை இது.

இப்போது அந்தத் தட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிருமி இருக்கிறது, மருந்து இருக்கிறது. அண்ணாச்சியின் உடம்பு எங்கே? அது அந்த நேரத்தில் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தது. ஆகவே ‘ஆர்’ என்ற எழுத்து அவர் உடம்பைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. மருந்தைத் தாங்கப் பழகியது கிருமி. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டுக்கு மருந்தை வெட்டிப்போடும் நொதியோ, உள்ளே வந்ததை வெளியே இறைத்துவிடும் பம்போ தற்செயலாக அமைந்திருக்கும். மருந்து மற்றவற்றை அழித்து, இவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. போதாததற்கு, இந்த வித்தையைப் பக்கத்துக் கிருமிக்குச் சமையல் குறிப்பு மாதிரி எழுதிக் கொடுக்கவும் செய்கின்றன. அதனால்தான் ஒரு மருந்தை வாழ்நாளில் தொட்டே பார்க்காதவருக்கும் அதற்கு ‘ஆர்’ வரலாம். கிருமி வேறொருவரிடம் பாடம் படித்துவிட்டு இவரிடம் வந்திருக்கும்.

சரி, இந்த ரிப்போர்ட் வர ஏன் இரண்டு மூன்று நாள்? நல்ல சாப்பாடு கிடைத்தால் ஈ.கோலைக் கிருமி சுமார் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். 7 மணி நேரத்தில் ஒன்று இருபது லட்சம். மருந்து வேலை செய்ய அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. நம் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது பெருகட்டும் என்றுதான் காத்திருக்கிறோம். முளைப்பயறு முளைவிட்டதா என்று பார்க்கக் கொடி பந்தலேறும் வரை உட்கார்ந்திருப்பதுபோல.

சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தார் பயறைக் கிட்டே போய்ப் பார்த்தார்கள். கிருமிகள் ஒற்றை வரிசையில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு மெல்லிய, ஆயிரக்கணக்கான வாய்க்கால்கள் கொண்ட ஒரு சில்லு. சில வாய்க்காலில் மருந்து, சிலவற்றில் வெறும் சாப்பாடு. மேலே நுண்ணோக்கியோடு கேமரா. மருந்துள்ள வாய்க்காலிலும் கிருமி அதே வேகத்தில் நீள்கிறதா? அப்படியானால் ‘ஆர்’. இந்த யோசனையில் பிறந்த பிஏ-100 கருவி, அரை மில்லிக்கும் குறைவான சிறுநீரை வைத்து 45 நிமிடத்துக்குள் ஐந்து மருந்துகளுக்குப் பதில் சொல்கிறது. 2024-ல் 80 லட்சம் பவுண்டு லாங்கிட்யூட் பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

காசநோய்க் கிருமியிடம் இந்த வித்தை எடுபடாது. அது ஒருமுறை இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அங்கே வளர்ச்சியை விட்டுவிட்டு மரபணுவைப் படிக்கிறார்கள். ரிஃபாம்பிசின் சாவி என்றால், அது நுழையும் பூட்டைச் செய்யும் மரபணு மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. நம் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்பார்களே, அதுதான். சுமார் இரண்டு மணி நேரம். அறிந்த பூட்டுகளைத்தான் அதற்கு அடையாளம் தெரியும் என்பது ஒரு குறை.

அண்ணாச்சி யோசனையாக டம்ளரைக் கீழே வைக்கிறார். “டாக்டர்கிட்ட போறதுக்கு முந்தி, வீட்ல மிச்சம் கிடந்த மாத்திரை ரெண்டு போட்டேன் தம்பி.” எந்த மாத்திரை என்று கேட்டேன். பெயரைச் சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டில் விரலை வைத்துத் தேடினார். நாலாவது வரி. ஆர்.