விழாத நடுத்துண்டு

ரோமன் எழுத்தான 'ஓ'வை ஒரு தகரத் தகட்டில் வெட்டிப் பாருங்கள். வெளிவட்டம், உள்வட்டம் இரண்டையும் வெட்டி முடித்த கணத்தில், பிடிமானமில்லாத நடுத்துண்டு கீழே விழுந்துவிடும். கையில் மிஞ்சுவது வெறும் ஓட்டை. இதனால்தான் ஸ்டென்சில் வெட்டுகிறவர்கள் நடுத்துண்டைச் சுற்றுத் தகட்டோடு பிணைக்க மெல்லிய பட்டைகளை விட்டுவைக்கிறார்கள். பெயின்ட் அடித்தபின் பட்டை இருந்த இடமெல்லாம் வெற்றுக் கீற்றாகத் தெரியும். சரக்குப் பெட்டிகளில் காணும் துண்டு துண்டான எழுத்துகள் இப்படி வந்தவைதாம்.

வேறு வழியில்லாமல் வந்த இந்தக் கீற்றையே எழுத்தின் ஆதாரமாக்கினால் என்ன? 1920களில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் இருந்த யோசெஃப் ஆல்பர்ஸ் அதைத்தான் செய்துபார்த்தார். சதுரம், அதைக் குறுக்கே வெட்டிய முக்கோணம், கால்வட்டம். எழுத்து முழுவதையும் இந்த மூன்றைக்கொண்டே கட்டினார். பேனாவின் ஏற்ற இறக்கமோ கையின் நடுக்கமோ அதில் கிடையாது. 1926இல் இந்த எழுத்துமுறை பற்றிக் கட்டுரையும் எழுதினார். மூன்றாண்டு கழித்து எழுத்து வடிவமைப்பாளர் பவுல் ரென்னரின் 'ஃப்யூச்சுரா பிளாக்' எழுத்துரு வந்தது. அதில் 'ஓ' என்பது எதிரெதிரே நிற்கும் இரண்டு அரைவட்டங்கள். நடுவில் ஒரு நேர்கீற்று, அவ்வளவே. உள்வட்டமே இல்லை! ஆனாலும் கண் தயங்காமல் 'ஓ' என்று படித்துவிடுகிறது.

பழைய ஸ்டென்சிலிலிருந்து இது அடியோடு மாறுவது இங்கேதான். பெட்டியின் மேல் இருக்கும் எழுத்தில் கீற்று மறைந்தால் நல்லது, எழுத்து முழுமையாகிவிடும். ஃப்யூச்சுரா பிளாக்கிலோ கீற்று மறைந்தால் 'ஓ' ஒரு கரும்பொட்டாகிவிடும்.

எப்போது மறையும்? நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். கணக்குப் போட்டால், 1 மில்லிமீட்டர் கீற்று ஏறக்குறைய மூன்றரை மீட்டர் தொலைவில் கரைந்துவிடும். 1 சென்டிமீட்டர் கீற்றானால் சுமார் 34 மீட்டர் வரை தாங்கும். இவ்வகை எழுத்துகள் சுவரொட்டிக்கும் பெயர்ப்பலகைக்கும் என்றே ஆனதற்கு அழகு மட்டும் காரணமல்ல. நாளிதழின் பத்தி எழுத்து அளவுக்குச் சுருக்கினால், மயிரிழையாகிவிட்ட கீற்றை மை கசிந்தே அடைத்துவிடும். இந்த எழுத்தில் ஒரு பக்கம் முழுக்கப் படிக்கச் சொல்வது, என்னைக் கேட்டால், தண்டனை.

ஆல்பர்ஸ் அங்கே நிற்கவில்லை. அடுத்து முக்கோணத்தைக் கைவிட்டார். சதுரம், கால்வட்டம், முழுவட்டம் ஆகிய மூன்றையும் பால்நிறக் கண்ணாடித் துண்டுகளாக்கி, அவற்றை அடுக்கியே எல்லா எழுத்துகளையும் எண்களையும் அமைக்க வழிசெய்தார். தகட்டை வெட்ட வேண்டிய வேலையே அதில் இல்லை. கீற்று மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கண்ணாடி எழுத்துகளை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் சேர்த்துவைத்திருக்கிறது.