ஆடு ஏறும் மலையில் சைக்கிள்!

ஸ்பெயின் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது காளைச் சண்டை, கொளுத்தும் வெயில், கால்பந்து. இந்த மூன்றையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு மேப்பில் மேலே போங்கள். வடக்கு ஓரத்தில், பிஸ்கே வளைகுடாவை ஒட்டி அஸ்தூரியாஸ் என்று ஒரு பிரதேசம். வெயிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மழை, மூடுபனி, மறுபடி மழை. அந்த மழையின் புண்ணியத்தில் கண்ணுக்கு எட்டின தூரம் வரை புல். 'பச்சை ஸ்பெயின்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடற்கரையிலிருந்து சுமார் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் உள்ளே போனால் 2,600 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் சிகரங்கள்.

சைக்கிள் பைத்தியங்களுக்கு இது சொர்க்கம். சில இடங்களில் நரகம். இரண்டுக்கும் ரோடு ஒன்றுதான்!

"கடலோரம்தானே, சமதளமாக இருக்கும், ஜாலியாக மிதிக்கலாம்" என்று கிளம்பினால் போச்சு. மலையிலிருந்து கடலுக்கு ஓடி வரும் ஒவ்வொரு ஆறும் ஒரு பள்ளத்தை வெட்டி வைத்திருக்கிறது. ஆற்றுக்கு இறங்கு, மறுபடி ஏறு. அடுத்த ஆறு, மறுபடி இறங்கு. வலப்பக்கம் கடலைப் பார்த்து ரசிக்கலாம் என்றால் மூச்சு வாங்குவதிலேயே பொழுது போய்விடும்.

வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறவர்களுக்கு என்றே ஒரு பாதை உண்டு. 'கரடிப் பாதை' என்று பெயர். அந்தக் காலத்தில் சுரங்கத்திலிருந்து நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சுமந்த ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். ரயில் போன வழி என்பதால் ஏற்றம் ரொம்ப மிதம். குகைகளுக்குள் புகுந்து, ஆற்றை ஒட்டி ஹாயாகப் போகலாம். பெயரில் இருக்கும் கரடி சும்மா விளம்பரத்துக்கு இல்லை. 1989-ல் வேட்டைக்காரர்கள் தாயைக் கொன்றுவிட, அநாதையான பாக்கா, தோலா என்ற இரண்டு கரடிக் குட்டிகளைக் காப்பாற்றி இந்தப் பாதையோரம்தான் வேலி போட்டு வளர்த்தார்கள்.

அடுத்தது கோவதோங்கா ஏரிகள். மலை மேல் 1,100 மீட்டர் உயரத்தில் இரண்டு ஏரி. கீழே புகழ்பெற்ற மாதா கோயில். வேண்டிக்கொண்டே மிதிக்க வசதி! ஸ்பெயினின் பெரிய சைக்கிள் பந்தயமான வுவெல்டா 1983-ல் முதல் தடவையாக இங்கே ஏறியது. அன்றைக்கு ஜெயித்தவர் மரினோ லெஹர்ரேட்டா. அதிலிருந்து இது அந்தப் பந்தயத்தின் குலதெய்வக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. கஷ்டமான ஏற்றம்தான். ஆனால் நியாயமான கஷ்டம். நடுவில் மூச்சு விட விடுவார்கள்.

நியாயமே இல்லாத ஏற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. பெயர் ஆங்லிரு.

ஒவியேதோ நகரத்துக்குத் தெற்கே ரியோசா என்று ஒரு நிலக்கரிச் சுரங்க வட்டாரம். அதன் மேலே மாடு மேய்க்கிறவர்கள் போய்வர ஒரு பாதை. மாட்டுக்கு கியர் கிடையாது என்பதால் வளைவு, நெளிவு, ஏற்றம் பற்றியெல்லாம் யாரும் கவலைப்படவில்லை. 1996-ல் மிகுவேல் பிரியெட்டோ என்பவர் வுவெல்டா அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'இப்படி ஒரு மலை இருக்கிறது, வந்து பாருங்கள்' என்று. இவர் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? லாட்டரிச் சீட்டு விற்று பார்வையற்றோருக்கு உதவும் ஓன்ஸே என்ற அமைப்பில், தகவல் தொடர்பு இயக்குநராக. கண்ணுள்ளவர்கள் யாருக்கும் தெரியாத மலையைக் காட்டிக் கொடுத்தது பார்வையற்றோர் சங்கத்து ஆபீஸர்!

வந்து பார்த்தவர்களுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. 1999-ல் பந்தயத்தை மேலே ஏற்றிவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். நீளம் 12.5 கி.மீ. ஏற வேண்டிய உயரம் 1,266 மீட்டர். உச்சி, கடல் மட்டத்திலிருந்து 1,573 மீட்டர். சராசரி ஏற்றம் பத்து சதவிகிதம். சராசரி என்பது எவ்வளவு பெரிய மோசடி என்பது பி.காம். படித்தவனுக்குத் தெரியும். முதல் ஐந்து கிலோமீட்டர் சாதுவாக இருக்கும். அப்புறம் கொஞ்ச தூரம் சமதளம்கூட வரும். 'இதற்கா இவ்வளவு பில்டப்?' என்று தோன்றும். அங்கேதான் பிடிக்கும் சனி. கடைசி ஆறு கிலோமீட்டருக்கு சராசரியே 13 சதவிகிதம். உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் 'குவென்யா லெஸ் கப்ரெஸ்' என்ற இடத்தில் 23.5 சதவிகிதம். அதாவது, நூறு மீட்டர் முன்னே போவதற்குள் ஏழு மாடி உயரம் ஏறியிருப்பீர்கள். 'கப்ரெஸ்' என்றால் ஆடுகள். ஊர்க்காரர்கள் பெயரிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

நம்மைப் போல் ஆபீஸில் உட்கார்ந்து தொப்பை வளர்த்தவர் ஏறினால்? சைக்கிளும் ஆளுமாக 80 கிலோ என்று வையுங்கள் (தாராளமான சலுகை). தொடர்ந்து 150 வாட் சக்தி கொடுக்க முடிகிறது, அதாவது, வீட்டில் இரண்டு சீலிங் ஃபேன் ஓடுகிற அளவு. உச்சிக்குப் போக கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அந்த ஆட்டுச் சரிவில் மட்டும் வேகம் மணிக்கு 3 கி.மீ. நடந்து போகிறவர் உங்களை முந்திக்கொண்டு, "வரட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஸீட்டில் உட்கார்ந்தால் முன் சக்கரம் தூக்கும். எழுந்து நின்று மிதித்தால், மழை ஈரத்தில் பின் சக்கரம் வழுக்கும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் உள்ள சின்ன கியர் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம். மொத்தம் ஏறக்குறைய ஆறாயிரம் சுற்று. அந்தக் கியர் இல்லாமல் போகிறவர்கள் ஷூவை மட்டும் நல்லதாக வாங்கிக்கொண்டு போகலாம். தள்ளிக்கொண்டு நடக்க உதவும்.

இந்த ஏற்றத்தை முக்கால் மணி நேரத்துக்குள் முடிக்கிற ஆசாமிகள் இருக்கிறார்கள். 1999-ல் கொட்டும் மழை. ரஷ்யர் பாவெல் டோன்கோவ்தான் முன்னால். ஜெயித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைக்க, மூடுபனிக்குள்ளிருந்து திடீரென்று வெளியே வந்து அவரைப் பிடித்து ஜெயித்தார் 'சாவா' ஹிமெனெஸ். ஸ்பெயின் தலையில் தூக்கி வைத்து ஆடியது. நாலே வருஷம். 2003 டிசம்பரில், 32 வயதில், மாரடைப்பில் போய்விட்டார்.

2002-ல் மறுபடி மழை. செங்குத்தில் கூட வந்த கார்களே திணறி நின்றுவிட்டன. ரசிகர்கள் ரோட்டில் எழுதியிருந்த பெயிண்ட்டில் டயர் வழுக்கியது. ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் மில்லர் வழியில் விழுந்து எழுந்து, மேலே வந்து, எல்லைக் கோட்டுக்கு ஒரே ஒரு மீட்டர் முன்னால் சைக்கிளை நிறுத்தி, முதுகில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ராஜினாமா! எங்களை மனுஷர்களாக நடத்துங்கள் என்பது கோரிக்கை. ஒன்பதாவது இடத்தில் இருந்தவர், அத்தோடு பந்தயத்திலிருந்தே அவுட். கோட்டைத் தாண்டிவிட்டுப் புகார் எழுதியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தாண்டிவிட்டு எழுதியிருந்தால் யார் படித்திருப்பார்கள்?

என் ஓட்டு மில்லருக்குத்தான். ஆனால் ரியோசாக்காரரிடம் கேட்டால் வேறு கணக்கு சொல்வார். ஸ்பெயினின் நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும்பாலானவை 2018 கடைசியோடு மூடப்பட்டுவிட்டன. தோண்டிப் பிழைத்த ஊருக்குப் பேர் சொல்ல மிச்சம் இருப்பது அந்த மாட்டுப் பாதைதான். 1999-லிருந்து 2025 வரை பத்து தடவை வுவெல்டா அங்கே ஏறியிருக்கிறது. பாதை சுலபமாக இருந்தால் ஒரு தடவைகூட வந்திருக்க மாட்டார்கள்.

ஆபீஸில் குப்பை கொட்டுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது 2023-ல் நடந்தது. செப் குஸ் என்று ஒரு அமெரிக்கர். டீமில் அவருக்கு எடுபிடி உத்தியோகம். தலைவர்களுக்குக் காற்றை மறைத்து முன்னால் மிதிக்க வேண்டும், களைத்ததும் ஒதுங்க வேண்டும். அந்த வருஷம் அவர் உதவியோடு ரோக்லிச் இத்தாலிப் பந்தயத்தை ஜெயித்தார், விங்கெகோர் பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். மூன்றாவதாக வுவெல்டா. எப்படியோ குஸ்ஸே முதலிடத்துக்கு வந்து சிவப்பு பனியன் போட்டுவிட்டார். ஆங்லிரு வந்தது. உச்சி நெருங்கும் நேரம், அந்த இரண்டு தலைவர்களும் சொந்த டீம் ஆளையே பின்னால் விட்டுவிட்டு மேலே போய்விட்டார்கள்! மூச்சு வாங்கிக்கொண்டிருந்த குஸ்ஸுக்குத் துணையாக மிதித்தது வேறு டீமைச் சேர்ந்த மிகேல் லாண்டா. மேலே வந்து பார்த்தால், சிவப்பு பனியன் மிஞ்சியது எட்டே எட்டு விநாடியில். அதற்குப் பிறகுதான் டீமுக்கு உறைத்தது. இனி குஸ்ஸுக்குத்தான் ஒத்துழைப்பு என்று முடிவானது. மாட்ரிட்டில் அவர் சாம்பியன், விங்கெகோர் இரண்டாவது, ரோக்லிச் மூன்றாவது. எடுபிடி முன்னால், எஜமானர்கள் பின்னால்!

போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். உச்சியில் ரோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் இறங்க தார் ரோடு கிடையாது. வந்த வழியே, அதே ஆட்டுச் சரிவில்தான் இறங்க வேண்டும். ஏறும்போது காலுக்கு வேலை, இறங்கும்போது கைக்கு. பிரேக் கட்டை புதுசாக இருக்கட்டும். வளைவு திரும்பினதும் நடு ரோட்டில் மாடு படுத்திருந்தால் அவசரப்பட்டு மணி அடிக்காதீர்கள். அது அவங்க ரோடு.