ஒற்றையடிப் பாதையும் அனுமதிச் சீட்டும்

‘காப்புக்காடு’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானித்து வாசித்தால் ஒரு கேள்வி எழும். யாரிடமிருந்து காப்பு, யாருக்காகக் காப்பு? காட்டுப் பாதைகளை முன்வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

போடிக்கு மேற்கே, குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ரயில் அங்கே வந்ததில்லை. மூணாறுத் தேயிலையை உச்சியிலிருந்து கொட்டகுடிக்கு இறக்கிய கம்பிவடத்தின் இடை நிலையம் அது. மலைமேல் ஓடிய சிறு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. கம்பிவடமும் பிறகு இல்லாமல் போயிற்று. பெயரும் நடைபாதையும் மிஞ்சின. அந்தப் பாதையை உயிரோடு வைத்திருந்தவை தோட்டக் கூலிகளின் கால்களும் சுமைகாரர்களின் கால்களும்தான்.

சட்டம் இந்தக் கால்களை எப்படி வாசிக்கிறது? 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் (தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான்) வழிநடை உரிமையை ஒரேயடியாக மறுக்கவில்லை. கெடுவுக்குள் வந்து உரிமை கோரி நிரூபி என்றது. நடப்பதையே அத்தாட்சியாகக் கொண்டிருந்தவனிடம் வேறு அத்தாட்சி கேட்டால் என்ன செய்வான்? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் சுவாரசியமான பிரதி. சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தருவதற்கான காரணங்களை அதன் 28ஆம் பிரிவு அடுக்குகிறது: உயிரின ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு சட்டப்படியான அலுவல். காட்டைக் கடந்து அடுத்த ஊர்ச் சந்தைக்கு நடந்துபோவது பட்டியலில் இல்லை. பொதுச்சாலையில் கடந்துபோகிறவருக்கு 27ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஒற்றையடிப் பாதை என்ற பேச்சே அங்கு கிடையாது. பார்க்க வருபவனுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. நடந்து பிழைப்பவன் பெயரில்லாமல் நிற்கிறான்.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதி இருந்ததா இல்லையா என்பதே அன்று பெரிய விவாதமாயிற்று. அனுமதிச் சீட்டு தீயை அணைக்குமா என்று எவரும் கேட்கவில்லை. அந்தப் பாதையில் காய்ந்த புல் எவ்வளவு நின்றது, தீத்தடுப்புக் கோடு எங்கே இருந்தது, தப்பி ஓட மாற்றுவழி எது என்ற கேள்விகள் பின்னால் போய்விட்டன. அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளைக் கட்டணத்துக்குத் திறந்துவிடும் அரசுத் திட்டமும் வந்தது. உள்ளூர் இளைஞர்கள் அதில் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வழிகாட்டுகிற இளைஞனுக்கு, தன் ஊர்ப் பாதை எங்கே போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் பங்கு உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கம் ஒரு பெரியவரோடு மலையிறங்கினேன். நடந்துகொண்டே கைக்கம்பால் பாதையோரத்துச் சருகை அங்கங்கே தள்ளிவிட்டார். “என்னங்கய்யா பண்றீங்க?” என்றேன். “தண்ணிக்கு வழி விடறேன் தம்பி. மனுசனுக்கு மட்டும் பாதை விட்டா தண்ணி கோவிச்சுக்கும், ரெண்டு மழையில பாதையே ஓடையாயிரும்” என்றார்.

பாதைப் பராமரிப்பின் சாரம் இதுதான். சரிவை நேராகக் கிழித்து இறங்கும் பாதையில் மழைநீர் வேகமெடுத்து மண்ணை அரித்துவிடும். பாதை சரிவுக்குக் குறுக்காக, வளைந்து வளைந்து ஏற வேண்டும். பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அங்கங்கே குறுக்கே கல் பதித்து நீரை வெளியேற்ற வேண்டும். குறுக்குவழி விழுந்தால் முள் போட்டு அடைத்து, மூல வழியைச் சீராக்க வேண்டும். இதற்கு சிமெண்டும் வேண்டாம், கைப்பிடிக் கம்பியும் வேண்டாம். வேண்டியதெல்லாம் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், கூலி கொடுத்து வேலைக்கு வைக்கப்பட்ட உள்ளூர்க் கைகள். நடப்பாரற்ற பாதையில் உன்னிச்செடி புகுந்துவிடும். புல் ஆளுயரம் வளர்ந்து கோடையில் தீக்கு விறகாகும். மூடிவைப்பது எப்போதும் காப்பாற்றுவது ஆகாது.

எல்லாப் பாதையையும் எல்லோருக்கும் திறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. யானை நடக்கும் வழியில், குட்டி ஈனும் காலத்தில் மனிதன் ஒதுங்கத்தான் வேண்டும். எது ஒதுங்க வேண்டிய வழி, எது எப்போது என்பதை முடிவுசெய்யும் இடத்தில் அங்கே நடப்பவன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறேன். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால் சாலை போன்ற வசதிக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தைத் தர வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. நோயாளியை டோலியில் சுமந்து இறங்கும் மலையூர்கள் நம்மிடம் இன்னும் இருக்கும்போது இந்தப் பிரிவு ஏன் இவ்வளவு மௌனமாகக் கிடக்கிறது?

சுற்றுச்சூழல் பேசும் நண்பர்களும் உரிமை பேசும் நண்பர்களும் தனித்தனிக் கூட்டம் போடுகிறோம். அடுத்த கூட்டத்தை ஒரு மலையூரின் கிராம சபையில் வைத்துக்கொண்டால் என்ன? முதல் வேலையாக, அந்த ஊர்க்காரர்கள் நடக்கும் வழிகளை அவர்கள் சொல்லச் சொல்ல வரைபடமாக்கி, சபைத் தீர்மானமாகப் பதிவுசெய்யலாம். 1882இல் கேட்ட அத்தாட்சியை இப்போதாவது எழுதி வைப்போம்.